பட்டியல் படுத்தும் பாடு

இங்கிலாந்து நாட்டிலே ஒரு சிற்றூர். அங்கே ஒரு முதியோர் இல்லம். எண்பதைத் தாண்டிய கிழவர் ஒருவர், பெற்ற பிள்ளைகளின் பெயரையும் மறந்துவிட்டவர், படுக்கையிலே கிடக்கிறார். விடியற்காலையிலே அவரைத் தூக்கி உட்கார வைத்து, உடம்பு துடைத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, உணவு ஊட்டி, அவர் கோபித்துக்கொண்டால் குழந்தையைத் தேற்றுவதுபோலத் தேற்றி, இரவு மீண்டும் படுக்க வைக்கிறாள் ஒரு பெண். அவள் பிறந்த ஊர் கோட்டயமாக இருக்கலாம், நாகர்கோவிலாக இருக்கலாம், லாகோசாகவும் இருக்கலாம். கடல் கடந்து போனவள். கடன் வாங்கிக்கொண்டு போனவள்.

2022 பிப்ரவரி 15ஆம் நாள் அந்நாட்டு அரசினர் சொன்னார்கள்: இந்தப் பெண் செய்யும் வேலைக்கு எங்கள் நாட்டிலே ஆள் பஞ்சம், ஆகவே வருக! 2025 ஜூலை 22ஆம் நாள் அதே நாட்டின் அரசினர் சொன்னார்கள்: இது பட்டப்படிப்புக்கு ஈடான தொழில் அல்ல, ஆகவே இனி எவரும் வெளியிலிருந்து வரவேண்டாம்! இடையிலே கழிந்தவை மூன்றரை ஆண்டுகள்கூட இல்லை. கிழவரின் நோய் மாறவில்லை. அவரைத் தூக்கும் கை மாறவில்லை. ஆள் பஞ்சமும் தீர்ந்தபாடில்லை. மாறியது எது? ஒரு பட்டியல்!

அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இன்று பேச இருக்கிறோம். ஏனெனில், நம் வீடுகளிலே அயல்நாடு போகத் துடிக்கும் பிள்ளைகள் பலர் 'விசா' என்ற ஒன்றைத்தான் அறிவார்களே தவிர, அந்த விசாவுக்குப் பின்னாலே நின்று ஆட்டுவிக்கும் பட்டியலை அறிவதில்லை. படித்திருக்கிறோம், உழைக்கத் தெரியும், பிறகென்ன என்று எண்ணுகிறார்கள். படிப்பும் உழைப்பும் இருந்தால் மட்டும் போதாது என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகு கண்டுகொள்கிறார்கள்.

பிரிட்டனிலே ஒவ்வொரு தொழிலுக்கும் நான்கு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று உண்டு. முதியோரைப் பராமரிக்கும் தொழிலாளிக்கு முன்பு 6145. எண் முறையைத் திருத்தியபின் 6135. முதலாளி முதலில் உள்துறை அமைச்சகத்திடம் உரிமம் பெறவேண்டும். பிறகு, இன்ன ஆளை, இன்ன எண்ணுள்ள வேலைக்கு, இன்ன சம்பளத்துக்கு நான் பொறுப்பேற்று அழைக்கிறேன் என்று சான்றிதழ் வழங்கவேண்டும். அந்த எண் பட்டியலிலே இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால், வந்தவர் எத்தகைய கைகாரராக இருந்தாலும் திறக்காது. ஆளைப் பார்த்து அல்ல, எண்ணைப் பார்த்தே தீர்ப்பு!

இந்த ஏற்பாடு நேற்று முளைத்தது என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வந்தபோதே ஏ, பி, சி என மூன்று வகைச் சீட்டுகள் ஏற்படுத்தினார்கள். வேலை ஒன்று கையிலே உறுதியாக இருப்போருக்கு 'ஏ'. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போன்ற பயிற்சி பெற்றோருக்கு 'பி'. வெறுங்கையும் வலிய தோளும் மட்டுமே உடையோருக்கு 'சி'. அச்சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கல் அதனைக் கொடிய சட்டம், நிறவெறிச் சட்டம் என்று சாடினார். கேட்கவே இனிக்கிறது அல்லவா? ஆனால் 1964இல் அந்தத் தொழிற்கட்சியே ஆட்சிக்கு வந்தது. 1965 ஆகஸ்டிலே வெள்ளை அறிக்கை வெளியிட்டு, 'சி' சீட்டை அடியோடு ஒழித்து, ஆண்டுக்கு 8,500 சீட்டுகள், அதிலும் 1,000 மால்டா தீவினருக்கு என்று கதவை நெருக்கிச் சாத்தியது. எதிர்க்கட்சி வரிசையிலே ஒரு நாக்கு, ஆளுங்கட்சி வரிசையிலே இன்னொரு நாக்கு! வாசகர்கள் இதனை நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

இனோக் பவலின் கதையையும் இவ்விடத்திலே சொல்லவேண்டும். 1968 ஏப்ரலில் பர்மிங்காம் நகரிலே, குடியேறியோர் பெருகினால் இரத்த ஆறு ஓடும் என்ற பொருள்பட அச்சமூட்டியவர் அவர். 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சராக இருந்தவரும் அவரே! அவரது துறையின் மருத்துவமனைகளிலே, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த செவிலியர் அப்போது நோயாளிகளின் கட்டில்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆள் தேவைப்படும் அலுவலகத்திலே ஒரு கணக்கு. வாக்கு தேவைப்படும் மேடையிலே வேறொரு கணக்கு.

இனி இன்றைய பட்டியலுக்கு வருவோம். 2007இல் குடியேற்ற ஆலோசனைக் குழு என்ற ஒன்றை அமைத்தார்கள். பொருளாதாரம் கற்றோர் அமர்ந்த குழு. 2008இல் அவர்கள் தந்த முதல் பட்டியலிலே பொறியாளர்கள் இருந்தார்கள், சமையற்காரர்கள் இருந்தார்கள், பாலே நடனமாடுவோர் இருந்தார்கள், ஆட்டின் மயிர் கத்தரிப்போரும் இருந்தார்கள்! நாம் நகைப்பதற்காகச் சொல்லவில்லை. ஆட்டு மயிரை ஆட்டுக்கு வலிக்காமல், கம்பளி கெடாமல், நாள் முழுதும் கத்தரிப்பது பெரிய கைத்திறன்தான். அதனைத் திறன் என்று ஒப்பிய அறிவாளர்களை நாம் பாராட்டவே செய்கிறோம். நமது கேள்வி இதுதான்: ஆட்டைப் பிடித்து அமர்த்துவது திறன் என்றால், அறிவு மயங்கிய கிழவரைப் பிடித்து அமர்த்துவது மட்டும் எப்படித் திறனற்ற வேலை ஆயிற்று?

திறன் என்ற அளவுகோலை அவர்கள் எத்தனை முறை முறித்து ஒட்டினார்கள் என்று பாருங்கள். ஒரு காலத்தில் பட்டப்படிப்புக்கு ஈடான வேலையே திறனுள்ள வேலை. 2020 டிசம்பரிலே, ஐரோப்பியத் தொழிலாளர் தடையின்றி வந்துபோகும் உரிமை முடிவுக்கு வரும் வேளையிலே, பள்ளி மேல்நிலைப் படிப்புக்கு ஈடான வேலையும் திறனுள்ள வேலை ஆயிற்று. 2025 ஜூலையிலே மீண்டும் பட்டப்படிப்பு! அதே கொல்லன், அதே உலை, அதே சம்மட்டி. ஒரு மாதம் திறனாளி, மறுமாதம் அல்ல. பராமரிப்புத் தொழிலாளியோ இந்தப் படிக்கட்டு இரண்டுக்கும் கீழே நிறுத்தப்பட்டவள். 2022இல் அவளை அழைத்துக்கொண்டது திறனுள்ளவள் என்று மதித்து அல்ல. பற்றாக்குறைப் பட்டியலிலே விதிவிலக்காகச் சேர்த்துத்தான். விதிவிலக்காக நுழைந்தவளை வெளியேற்ற விதியையே காட்டினால் போதுமல்லவா!

பற்றாக்குறை ஏன் வந்தது? பிரிட்டிஷ் மக்களுக்குக் கிழவர்களைப் பேணத் தெரியாமல் போய்விட்டதா? இல்லை. இங்கிலாந்திலே 2021-22இல் பராமரிப்புத் துறையில் சுமார் 1,65,000 இடங்கள் காலி. கடையிலே நின்று சாமான் அடுக்கினால் கிடைக்கும் கூலிதான் இந்த வேலைக்கும் என்றால், முதுகு ஒடிய, மனம் நோக, மலம் அள்ளி இதனைச் செய்ய எவர் வருவார்? 2022இல் ஆலோசனைக் குழுவே இதனை ஒளிவுமறைவின்றிச் சொல்லிற்று. நோய் குடியேற்றத்திலே இல்லை, கூலியிலே இருக்கிறது. அரசுப் பணத்திலே நடக்கும் பராமரிப்புக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் மணிக்கு 1 பவுண்டாவது கூட்டிக் கொடுங்கள் என்றது. மணிக்கு ஒரே ஒரு பவுண்டு! அதைக் கொடுக்க மனம் வரவில்லை. பட்டியலிலே ஒரு வரியைக் கூட்டுவதற்குக் காசு செலவில்லை, அதைச் செய்தார்கள். கூலியை உயர்த்தாமல் ஆளைப் பிடிக்கும் வழிக்குப் பெயர்தான் பற்றாக்குறைப் பட்டியல் என்று நாம் கூறுவது இதனால்தான்.

கதவு திறந்தது. 2023ஆம் ஆண்டு மட்டும் சுகாதார, பராமரிப்பு விசா பெற்றோர், குடும்பத்தினரை நீக்கிப் பார்த்தால், சுமார் 1,46,000 பேர். இந்தியர், நைஜீரியர், ஜிம்பாப்வே நாட்டார் ஆகியோரே அதிகம். கூடவே கிளம்பினார்கள் தரகர்கள். வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனிலே குற்றம். ஆனால் அந்தச் சட்டம் கடலைத் தாண்டி நம் ஊர்த் தரகரின் மாடி அறைக்கு வருவதில்லை. நிலத்தை அடகு வைத்தும், தாலியை விற்றும், பல இலட்ச ரூபாய் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். நம்மவர்களைக் காக்க டில்லியிலே சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். ஆனால் இவர்கள் புறப்பட்ட அந்த ஆண்டுகளிலே, குடிபெயர்வோரின் ஒப்பந்தத்தை அதிகாரிகள் சோதித்து அனுமதிக்கும் முறை வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கே இருந்தது. அதுவும் பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கே. பிரிட்டன் அந்த 18இல் இல்லை. தரகருக்கு இதைவிட நல்வாய்ப்பு வேறு ஏது?

அந்தப் பக்கத்துக் காவல் எப்படி? எல்லைத் துறையைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் டேவிட் நீலின் அறிக்கை 2024 மார்ச்சிலே வெளியாயிற்று. படித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். இல்லாத முதியோர் இல்லம் ஒன்றின் பெயராலே 275 சான்றிதழ்கள்! உரிமம் பெற்றபோது தன்னிடம் 4 பேரே வேலை செய்வதாகக் கூறிய ஒரு நிறுவனத்துக்கு 1,234 சான்றிதழ்கள்! நம் நாட்டிலே இப்படி நடந்திருந்தால் கீழ்நாட்டு ஊழல் என்று இலண்டன் ஏடுகள் எத்தனை பத்தி எழுதியிருக்கும்!

சரி, குற்றத்தைக் கண்டார்கள், தண்டித்தார்கள். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் முடிய 470க்கு மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தார்கள். அந்த நிறுவனங்களோடு பிணைக்கப்பட்டிருந்த தொழிலாளர் 39,000க்கும் அதிகம். உரிமம் போனது முதலாளிக்கு. நாட்டிலே இருக்கும் உரிமை போவது தொழிலாளிக்கு! 60 நாள் கெடு. அதற்குள் உரிமம் உள்ள வேறொரு முதலாளியைத் தேடிப் பிடிக்கவேண்டும், அல்லது மூட்டை கட்டவேண்டும். ஊரிலே கடன்காரன் வாசலில் நிற்கிறான்; இங்கே நாட்காட்டி தாள் தாளாக உதிர்கிறது. கூலியைக் குறைத்தாலும், பேசிய மணிநேரத்தைத் தராவிட்டாலும், ஓர் அறையிலே ஆறு பேரை அடைத்தாலும் வாய் திறப்பாளா அந்தப் பெண்? புகார் கொடுத்தால் முதலாளியின் உரிமம் போகும். அது போனால் அவள் விசா போகும். வாயைக் கட்டுவதற்கு இதைவிட உறுதியான கயிறு உண்டா?

இதைக் காணும்போது நமக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் 'துண்டு' நினைவுக்கு வருகிறது. நம் பாட்டன்மார் மண்டபம் முகாம் வழியே கண்டிச் சீமைக்குப் போன காலம். இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவனை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு இல்லாதவனுக்கு இன்னொரு தோட்டத்திலே வேலை இல்லை. கங்காணியிடம் பட்ட கடன் ஏறிக்கொண்டே போகும். துண்டின் தொகையும் ஏறிக்கொண்டே போகும். பிரிட்டிஷ் ஆட்சியே வெட்கி, 1921இல் அந்த முறையை ஒழித்தது. அந்தத் துண்டும் இந்தச் சான்றிதழும் ஒன்றே என்று நாம் வாதிடவில்லை. இன்றைய தொழிலாளி வழக்கு மன்றம் போகலாம். விமானம் ஏறித் திரும்பலாம். ஆனால் கடன் வாங்கி வந்தவர், ஒரு முதலாளியின் தாளிலே கட்டுண்டவர், வேறிடம் போக அவர் கையெழுத்தை நம்பி நிற்பவர் என்ற மூன்றும் ஒன்றுகூடும் இடத்திலே என்ன நடக்கும் என்பதை, நம் மக்களைவிட அறிந்தவர் எவர்?

பட்டியலின் கதை இத்தோடு நிற்கவில்லை. நிகரக் குடியேற்றத் தொகை ஆண்டொன்றுக்கு 7 இலட்சத்தைத் தாண்டியது என்ற கணக்கு வெளிவந்ததும் கன்சர்வேடிவ் ஆட்சி நடுங்கிற்று. தேர்தல் வருகிறதே! ஓராண்டிலே 1 இலட்சம் பராமரிப்புத் தொழிலாளரோடு 1,20,000 குடும்பத்தினர் வந்துவிட்டனர் என்று கூறி, 2024 மார்ச் 11 முதல் புதிதாக வருவோர் மனைவியை, கணவனை, மக்களை அழைத்துவரத் தடை விதித்தார்கள். அடுத்தவரின் தாயைப் பேணுவதற்காகத் தன் குழந்தையை ஊரிலே விட்டு வரவேண்டும் என்பதே அதன் பொருள். அவ்வாண்டிலே அந்த விசா பெற்றோர் சுமார் 27,000 பேராகச் சுருங்கினர்.

2024 ஜூலையிலே தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. தொழிலாளரின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய கட்சி! 1965ஐ நினைவிலே வைத்துக்கொள்ளச் சொன்னோமே, இப்போது எடுத்துப் பாருங்கள். 2025 மே 12ஆம் நாள் பிரதமர் ஸ்டார்மர், நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்று பேசினார். பின்னர் அந்தச் சொற்களுக்காக வருந்துவதாகவும் கூறினார். ஆனால் அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கைக்காக வருந்தவில்லை. ஜூலை 22இல் பட்டியலிலிருந்து பராமரிப்புத் தொழிலாளி நீங்கினாள். நவம்பர் 20இல் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் மேலும் ஒரு திட்டத்தை வைத்தார். ஐந்தாண்டிலே நிலையாகக் குடியிருக்கும் உரிமை பெறலாம் என்று நம்பி வந்த இந்தத் தொழிலாளருக்கு இனிப் பதினைந்து ஆண்டுகள் என்பது அதன் சாரம். வந்தபின், ஆட்டம் தொடங்கியபின், கோட்டை நகர்த்துவது!

ஒரு நாடு தன் வாசலைத் தானே காக்கக்கூடாதா என்று கேட்போர் உண்டு. காக்கலாம், மறுக்கவில்லை. அயல் ஆள் வந்து குவிந்தால் உள்நாட்டுத் தொழிலாளியின் கூலி தாழாதா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கவலை, உழைப்பாளர் பக்கம் நிற்கும் எவரும் அதனைப் புறந்தள்ள இயலாது. அதற்கு மருந்து என்ன? கூலியை உயர்த்துவது. 50 கோடி பவுண்டு ஒதுக்கி, நியாயக் கூலி ஒப்பந்தம் செய்யப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். நல்ல செய்தி. எப்போது நடைமுறைக்கு வரும்? 2028இல்! கதவை அடைப்பதற்கு மட்டும் மூன்றாண்டு காத்திருக்க முடியவில்லை. 2024-25இலும் எந்த நாளிலும் 1,11,000 இடங்கள் காலியாகவே கிடந்தன. உள்நாட்டார் அந்த இடங்களுக்கு ஓடி வரவும் இல்லை. அழைத்துவிட்டு விலையை ஏற்றுவதும், வந்தவனை மட்டும் தண்டிப்பதும் வாசலைக் காப்பதாகாது.

இனி டில்லிக்கு ஒரு சொல். பராமரிப்புத் தொழிலாளரின் கதவு மூடிய இரண்டாம் நாள், 2025 ஜூலை 24, இந்தியாவும் பிரிட்டனும் வாணிப ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டன. பிரதமர் மோடி அவர்களே இருந்து நடத்திய வைபவம். அதிலே நம் உழைப்பாளருக்குக் கிடைத்தது என்ன? கம்பெனிகள் தற்காலிகமாக அனுப்பும் அலுவலர்களுக்குக் காப்பீட்டு வரியிலே விலக்கு. சமையற் கலைஞர், யோகா ஆசிரியர், செவ்வியல் இசைவாணர் என ஆண்டுக்கு 1,800 பேர் வரை வழி. யோகாசனம் கற்பிப்போர் போகட்டும், மகிழ்ச்சி. ஆனால் பல்லாயிரக்கணக்கிலே அங்கே ஏற்கெனவே கிழவர்களைத் தூக்கிக்கொண்டிருக்கிற நம் பெண்களைப் பற்றி அந்த மேசையிலே எவர் பேசினார்? விஸ்கிக்குத் தீர்வை எவ்வளவு, காருக்குத் தீர்வை எவ்வளவு என்று நாட்கணக்கிலே பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு, 60 நாளை 180 நாளாக்குங்கள் என்று கேட்க நாவெழவில்லையா?

இன்னும் நேரம் இருக்கிறது. அந்நாட்டிலே ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த வேலைக்கு விசா மாற்றிக்கொள்ள 2028 ஜூலை வரை வழி விட்டிருக்கிறார்கள். அதற்குள் நடக்கவேண்டியவை உண்டு. உரிமம் இழந்த நிறுவனங்களிலே சிக்கியவர்களுள் இந்தியர் எத்தனை பேர், அவர்களுள் வேறு வேலை பெற்றோர் எத்தனை பேர், திரும்பியோர் எத்தனை பேர், பணம் பறித்த தரகர் எத்தனை பேர் மீது இங்கே வழக்கு என்று நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கவேண்டும். முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை தொழிலாளியின் கையிலே இருக்கும்படி, துறை முழுவதற்குமான ஒரே அனுமதியாக விசாவை மாற்றுமாறு இந்திய அரசு பிரிட்டனை வற்புறுத்தவேண்டும். தமிழ்நாட்டிலோ 1978 முதல் அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று உண்டு. மாடி அறைத் தரகரிடம் நிலப் பத்திரத்தை நீட்டுமுன் அந்த வாசலைத் தட்டுங்கள் என்று ஒவ்வொரு செவிலியர் பயிற்சிப் பள்ளியின் சுவரிலும் எழுதி வைக்க அதிகச் செலவாகாது. எந்த எண்ணுக்குப் போகிறாய், அந்த எண் இன்று பட்டியலிலே இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கீழே சேர்த்து எழுதலாம்.